அரண்மனையில் ஒரு சம்பந்தி வீடு

எனக்கும் என் மருமகளுடைய அம்மாவுக்கும் மனஸ்தாபம் உண்டாக்கிய சம்பவம் மூன்று நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அதன் மிச்சம்தான் இரண்டு வருஷம் ஓடியது.

பழனியில் என் மகனுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறதுதான் நடந்தது. சாப்பிடுகிறவர் ரசத்துக்குக்கூட வந்திருக்க மாட்டார், அதற்குள் அவர் நாற்காலியைப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி நெருக்கத்தில் மாட்டிக்கொண்டு திணறுகிறாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டி, கடைசி எட்டு வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அது முடியுமா? இரண்டு தட்டு கை தட்டினேன். "எல்லாரும் வரிசையா நில்லுங்க! யாரும் தள்ளக் கூடாது!" என்றேன்.

நின்றுவிட்டார்கள். அதுதான் வினை. பெண் வீட்டுச் சனம் அத்தனையும், வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர்கள் உட்பட, சுவரோரமாக வரிசை கட்டி நின்றது. நின்று முடித்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. "பொண்ணக் குடுக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?" என்று ஒருவர் கேட்டார். சாப்பிடாமலே நாலு பேர் போய்விட்டார்கள்.

சம்பந்தியம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போனது. "சௌக்கியங்களா சம்பந்தி", "சாப்டாச்சுங்களா சம்பந்தி", அவ்வளவுதான். மாதம் ஒருமுறை நெய்க்காரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறித் திண்டுக்கல் வருவார். மகளைப் பார்ப்பார். கொண்டுவந்த தேங்காய், வெண்டைக்காயை இறக்கி வைப்பார். பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவார். ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. நானும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. கேட்கிற மாதிரி நான் என்ன கொலையா செய்துவிட்டேன் என்று ஒரு திமிர் இருந்தது, மறைப்பானேன்.

இப்படியே ஓடியிருக்கும். மருமகள் உண்டானதும் நிலைமை மாறிப்போனது.

எங்கள் பக்கமும் சரி, அவர்கள் பக்கமும் சரி, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனி மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு மகளைக் கூட்டிப் போக சம்பந்தி காரோடு வந்திருந்தார். பின் சீட்டில் தலையணைகூடப் போட்டு வைத்திருந்தார். அதற்கு முந்தின நாள்தான் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: பனிக்குடத்தில் தண்ணீர் கம்மியாக இருக்கிறது, பிரயாணம் கூடாது, வாராவாரம் பார்க்க வேண்டும், அவசரமென்றால் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். சம்பந்தி கேட்டுக்கொண்டார். தலையணையை மகளிடம் கொடுத்துவிட்டு, வெறும் காரில் திரும்பிப் போனார்.

ஆக, பெண் போக முடியாது. அம்மா வர வேண்டும். வந்து இரண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்க வேண்டும். மருமகள் தினம் போனில் அழுவாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில், "பாக்கலாங்கண்ணு." என்னிடம் சொன்னால் "பாக்கலாங்க." இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியும். வரமாட்டேன் என்று அர்த்தம்.

யோசனை என் மகனுடையது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிளைச் சாலையில் பழைய ஜமீன் அரண்மனை ஒன்று இருக்கிறது. நான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நாளெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அதன் பூட்டின கேட்டைத்தான் பார்த்திருக்கிறேன். வாரிசுகள் வெளியூரில். இப்போது கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்களாம்.

"அத்தைக்குச் செடி கொடின்னா உசுரும்மா. பெரிய தோட்டம் இருக்காம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வண்டி ஓட்டுறேன்" என்றான்.

டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எங்கம்மாவ எப்படியாச்சும் சம்மதிக்க வெச்சுருங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆனா அதட்டிராதீங்க."

அதட்டவே மாட்டேன் என்று சொன்னேன். அதையே கொஞ்சம் அதட்டலாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மகன் சிரித்தான்.

ஆடி இரண்டாவது ஞாயிறு. காற்றென்றால் அப்படிக் காற்று. ரெட்டியார்சத்திரம் நிறுத்தத்தில் சம்பந்தி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் சேலைத் தலைப்பு, ஒரு கையில் கட்டைப் பை. பையில் முருங்கைக்காய், மகளுக்கு ஒரு தூக்கில் நெய். "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்று காரில் ஏறினார். பிறகு அரண்மனை வரும் வரை மழையைப் பற்றிப் பேசினோம். பெய்யாத மழையைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியுமோ அவ்வளவு நேரம் பேசினோம். அரண்மனை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, ஆபீஸ் போன் வருகிறது என்று சொல்லி மகன் வேப்ப மரத்தடிக்கு நழுவிவிட்டான். போனும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. அவன் சீட்டைச் சாய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

உள்ளே சுற்றிக் காட்ட அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நடுவில் கேள்வி கேட்டால் விட்ட இடம் மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இப்படி எத்தனை பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

தர்பார் மண்டபம் நன்றாகவே இருந்தது. இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள். மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், தரையில் அதன் நிறம் விழுந்து கிடந்தது. ரசம் போன ஆளுயரக் கண்ணாடி ஒன்றில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தோம். சுவரில் ஆறு ஜமீன்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே மீசை. ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டார்களோ என்னவோ.

நான் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். சம்பந்தி ஒரு பலகையையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "மழைக்கு இந்த மூலையில ஒழுகுதுங்க, கறை தெரியுது பாருங்க" என்றார். தூணைத் தட்டிப் பார்த்தார். "இத்தன ரூம்பையும் யாருங்க கூட்டுவாங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

குளியலறையில் சிங்கக் கால் வைத்த பெரிய பீங்கான் தொட்டி. சீமையிலிருந்து வந்ததாம். சம்பந்தி அதைச் சுற்றி வந்தார்.

"குழாயே காணமுங்க. தண்ணி எப்படி வரும்?"

"சுமந்து ஊத்துவாங்கம்மா. அறுபது குடம் பிடிக்கும்."

"அப்பக் குளிச்சவரு ஒருத்தரு, களைச்சவரு இன்னொருத்தரு" என்றார் சம்பந்தி, சாதாரணமாக.

எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது. இந்த மனுஷிக்கு இப்படிப் பேச வரும் என்று இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. நான் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. உடனே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பழையபடி மரியாதைக்குப் போய்விட்டார்.

தோட்டம் பின்பக்கம். எனக்குத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கள் வீட்டில் நான் வைத்த எதுவும் உயிர் பிழைத்ததில்லை. ஆனாலும் அந்த இடத்தில் கால் வைத்ததும் மனசு நிறைந்தது என்றே சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத ஒரு வட்டத் தொட்டி, அதைச் சுற்றி நாலு பாதை. பாதைக்கு ஒரு வகை மரம். நாகலிங்க மரம் பூவை அடிமரத்திலேயே கொட்டி வைத்திருந்தது. கிழட்டு மாமரங்களில் காற்று புகுந்து பெரிய சத்தமாக இருந்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. மயில் ஒன்று பாதையைக் கடந்து போனது, தானும் டிக்கெட் வாங்கி வந்திருப்பதுபோல் நிதானமாக. "பூ பறிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது" என்ற பலகைக்குப் பக்கத்தில், கழுத்தில் விசில் மாட்டிய தோட்டக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி மாறிப்போனார். நடை மாறிவிட்டது. ஒவ்வொரு செடியையும் இலையைத் திருப்பிப் பார்த்து, மண்ணைக் கிள்ளிப் பார்த்து, "இதுக்குத் தண்ணி பத்தல", "இது புழு" என்று தனக்குள் பேசிக்கொண்டே முன்னால் போனார். நான் பின்னால் போனேன். நான் யாருக்கும் பின்னால் நடந்து வெகு காலம் ஆகிவிட்டது.

தோட்டத்தின் கோடியில், மதிலை ஒட்டி, ஒரு சின்ன வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு கிணறு. அரண்மனை அழகு ஒன்றும் அதில் கிடையாது, ஆனால் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருந்தது. கிணற்றுச் சுவரையும் வீட்டுக் கூரையையும் சேர்த்து ஒரு மனோரஞ்சிதக் கொடி மூடியிருந்தது.

"இது சம்பந்தி வீடு" என்றாள் அந்தப் பெண்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

அவள் ஒப்பித்தது இதுதான். ஒரு ஜமீன்தாருடைய ராணிக்குத் தலைப்பிரசவத்தின்போது உடம்பு சரியில்லை. பல்லக்கில்கூட அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ராணியின் அம்மாவோ, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் ராத்தங்க மாட்டேன், அந்த வீட்டு அடுப்பில் சமைக்க மாட்டேன் என்று பிடிவாதம். ஜமீன்தாருடைய அம்மா பார்த்தாராம். தோட்டத்தின் கோடியில் தனி வீடு கட்டி, தனி அடுப்பு போட்டு, தனிக் கிணறு தோண்டி, அந்த இடத்தைச் சம்பந்தி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அது மகள் வீடு இல்லை, சொந்த வீடு. அந்த அம்மாள் வந்து தங்கிப் பிரசவம் பார்த்தார். கொடி அவர் வைத்ததாம். சொல்லி முடித்துவிட்டு, வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று பெண் போய்விட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதை எனக்கு முன்னாலே தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. ஆனால் சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறேன் என்ற சந்தேகம் அப்பட்டமாக இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன்.

"உங்களச் சொல்லலீங்க" என்றார். சின்ன வீட்டுக்குள் போனார். அறைகளை எட்டிப் பார்த்தார். சமையல்கட்டில் வெகு நேரம் நின்றார். அடுப்பு மேட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

இதுதான் சமயம் என்று நினைத்தேன். "செத்த நேரம் உக்காருவோம் சம்பந்தி" என்று கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தேன். "எங்க வீட்டுல ரெண்டு பெட்ரூம்தான். தனி வீடு கட்ட எனக்கு ஜமீன் இல்ல. ஆனா நீங்க வரணும். பிள்ள பயப்படுது. ஊர் என்ன சொல்லும்னு பாக்காதீங்க" என்றேன்.

"ஊரு சொல்லத்தானுங்க செய்யும். தலப்பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு சொல்லும். சொல்லீட்டுப் போகட்டும்" என்றார். "மாடு கன்ன எங்கூட்டுக்காரரு பாத்துக்குவாரு. அதுவும் இல்லீங்க."

"பின்னே?"

ஒரு மனோரஞ்சிதப் பூவைக் கீழேயிருந்து எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு சொன்னார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. எம்புள்ளைக்குப் பத்தியச் சோறு நான் ஆக்கோணும். மருந்து நான் அரைக்கோணும். கொழந்தைக்கு எண்ணெ வெச்சு நான் தண்ணி ஊத்தோணும். எங்கூட்டுல இருந்தா யாரு என்னையக் கேப்பா? உங்கூட்டுக்கு வந்தா, நீங்க சொல்லுவீங்க, நான் கேக்கோணும். நீங்க சொல்லி இந்த ஊரு உலகமே வரிசைல நிக்குது. நீங்க யாரு சொல்லியாச்சும் எதையாச்சும் கேட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"அடுப்படியை உங்ககிட்ட விட்டுர்றேன். உள்ளேயே வரமாட்டேன்."

"வருவீங்க."

"வரமாட்டேன்."

"வந்து, இதுல ஏன் இம்புட்டு மெளகுன்னு கேப்பீங்க."

கேட்பேன்தான். கல்யாணத்தில் நடந்ததற்கு அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். "பாக்கலாங்க" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மருமகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கவலையாகிவிட்டது.

சம்பந்தி எழுந்து கொடியைச் சுற்றி வந்தார். விரலளவு தண்டு ஒன்றை இரண்டு தடவை தொட்டுப் பார்த்து விட்டுவிட்டார். ஆசை கண்ணில் தெரிந்தது. சரி, இதையாவது செய்வோம் என்று நான் நேரே தோட்டக்காரரிடம் போனேன். இன்ன மாதிரி, எங்கள் சம்பந்தியம்மா தொலைவிலிருந்து வந்திருக்கிறார்கள், ஒரு கம்பு கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று முறையாகக் கேட்டேன். அவர் நல்ல மனுஷர். கத்தியோடு வந்து நல்ல கம்பாகப் பார்த்து நறுக்கி, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "இது கம்புல லேசுல வராதும்மா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். சம்பந்தி வாங்கவில்லை.

"கேட்டா வாங்குனீங்க?"

"ஆமா. கேட்டுத்தான்."

"போச்சுங்க" என்றார். அவர் முகம் வாடிவிட்டது. "கேட்டு வாங்குன கம்பு தழையாதுங்களே. செடின்னா திருடி வெக்கோணும். எங்கூட்டு வாசல்ல நிக்குற செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பில அத்தனையும் திருட்டுச் செடிதானுங்க. கேட்டு வாங்கி வெச்சது ஒரு மல்லி. அது அந்த வருசமே பட்டுப்போச்சு."

நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில்கூட மணி பிளான்ட்டைத் திருடித்தான் வைக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று வகுப்பில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். "அப்ப நீங்களே ஒண்ணு ஒடிச்சுக்கங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றேன்.

"நான் ஒடிச்சு என்னங்க ஆகும்? யாரு வாசல்ல வெக்கறமோ அவிங்கதானுங்க திருடோணும்."

"யார் வாசல்ல?"

"உங்க வாசல்லதானுங்க. புள்ள படுத்திருக்கற ரூம்பு ஜன்னலுக்கு வெளியே வெறும் காம்பவுண்டு செவுரா நிக்குது. இது படந்தா வாசமா இருக்கும். ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க."

மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவர் என் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறார். நான் ஏழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்தச் சுவர் வெறுமையாக இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"எப்படி ஒடிக்கணும்?" என்றேன்.

அவர் என் பக்கத்தில் நெருங்கி வந்தார். பிறகு வேகமாகச் சொன்னார், ரகசியக் குரலில். "நாலு கணு இருக்கோணும். முள்ளு கொக்கியாட்டம் வளைஞ்சிருக்கும், பாத்துப் புடிங்க. கிள்ளாதீங்க, ஒரே ஒடி. ஒடிச்சதும் முந்தானைக்குள்ள. அப்புறமேட்டுக்குத் திரும்பிப் பாக்காம நடங்க."

ஏன் நாலு கணு, ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டை டவுசர் பையில் போட்டுக்கொண்ட பையனை அரை நாள் வாசலில் நிறுத்தியவள் நான். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். கொடியைப் பிடித்து ஒரே ஒடியாக ஒடித்தேன். அது ஒடியவில்லை. முறுக்கினேன். கொக்கி முள் உள்ளங்கையில் ஏறியது. "அம்மா" என்று நானே கத்திவிட்டேன்.

விசில் ஊதியது பாருங்கள், மதுரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏம்மா! ஏம்மா! இப்பத்தான கையில ஒண்ணு குடுத்தேன்? இம்புட்டு ஆசையா? இங்கிட்டு வாங்க, வந்து நில்லுங்க" என்று தோட்டக்காரர் களைக்கொத்தோடு வந்தார். மாமரத்தடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி எங்களைப் பார்த்தது. "பாத்தாப் படிச்சவுக மாதிரி இருக்கீக. போர்டு கண்ணுக்குத் தெரியல?"

நான் நின்றேன். ஒரு கையில் கொடுத்த கம்பு, ஒரு கையில் திருடின கம்பு, உள்ளங்கையில் ரத்தம்.

சம்பந்தி எனக்கு முன்னால் வந்து நின்றார். "அவிங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தானுங்க ஒடிக்கச் சொன்னேன். எம்புள்ள மாசமா இருக்கறா. அவிங்க வாசல்ல வெக்கத்தான் இந்தக் கம்பு. கேட்டு வாங்குனா தழையாதுங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

தோட்டக்காரர் கொஞ்சம் இறங்கினார். "திருட்டுக் கம்பா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் அங்கிட்டுப் போயிருப்பேன்ல" என்று ஆரம்பித்தவர், அதிலிருக்கிற சிக்கலை உணர்ந்து பாதியில் நிறுத்தினார். தலையைச் சொறிந்தார். "இப்ப நான் சரி போங்கன்னு சொன்னா அதுவும் குடுத்த கம்பு ஆயிரும். அதனால நான் சரின்னு சொல்லல. திட்டுனது திட்டுனதாவே இருக்கட்டும். இனிமே இந்தக் கொடிப் பக்கம் உங்களப் பாத்தேன், நடக்கிறதே வேற! கிளம்புங்க!" கடைசியில் இன்னொரு விசிலும் ஊதினார்.

ஓட்டமும் நடையுமாக வட்டத் தொட்டி வரை வந்துவிட்டோம். அங்கே சம்பந்தி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. பயந்துபோய்க் குனிந்து பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவிகள் தண்ணீர் இல்லாத தொட்டிக்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அந்த ஜோடி போட்டோ எடுத்ததோ என்னவோ, கவனிக்கவில்லை.

சிரிப்பு அடங்கினதும் என் கையை வாங்கி முள்ளை எடுத்தார். நகத்தால் லேசாக நெம்பி, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அப்போது எனக்கு நாக்கு எழுந்தது. "கல்யாணத்துல நான் கத்துனது தப்பு சம்பந்தி. உங்க ஆளுக மனசு நோகும்னு யோசிக்கல. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் கையை விடவில்லை. "அது கெடக்குதுங்க" என்றார். பிறகு, "எதுக்கு, ஏனுன்னு ஒரு வார்த்த கேக்காம, நான் சொன்னேன்னு செஞ்சீங்களே" என்றார். அதைச் சொன்ன குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மகன் வேப்ப மரத்தடியில் நன்றாகத் தூங்கியிருந்தான், கன்னத்தில் சீட்டின் கோடு. எங்கள் இருவர் கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்து சண்டை என்றே முடிவு கட்டிவிட்டான். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான். கொடுத்த கம்பு என் மடியில், திருடின கம்பு சம்பந்தி மடியில். காற்று காரைத் தள்ளியது. சோளத் தட்டைகள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. நான் வற்புறுத்தவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி அவர் விருப்பம் என்று இருந்தேன். ஆனால் ரெட்டியார்சத்திரம் நெருங்க நெருங்க, மருமகள் போன் பண்ணினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நிறுத்தத்தில் பழனி பஸ் தயாராக நின்றது. மகன் இறங்கிக் கட்டைப் பையை எடுக்கப் போனான். முருங்கைக்காயும் நெய்யும் எங்களுக்கு, பை அவருக்கு. சம்பந்தி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்கூட்டுல அம்மி இருக்குதுங்களா?"

"இல்லையே. மிக்ஸிதான்."

"பத்திய மருந்து மிக்ஸில அரைக்கப்படாதுங்க. சூடேறிப்போகும்." யோசித்தார். "சரி, புதங்கெழம வரும்போது நானே அம்மியக் கொண்டாந்தர்றேன்."

மகன் கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டான். "பஸ்லயா அத்தை? அம்மியையா?"

"கண்டக்டர் ஏத்தி விடுவாருங்க மாப்ள. நீங்க இங்க வந்து இறக்கிக்கோங்க."

என் மடியில் திருட்டுக் கம்பை வைத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்து அழுதேன். துணி மணியோடு வருகிறவர்கள் நாலு நாளில் கிளம்பிவிடலாம். அம்மியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தங்குவதற்குத்தான் வருகிறார்கள்.